இலக்கும் வரம்பும்: திட்டமிடுதலில் செயல்முறை ஆராய்ச்சி

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் கருத்தரங்கில் "செயல்முறை ஆராய்ச்சி" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டிருக்கின்றோம். ஆங்கிலத்தில் "ஆபரேஷன்ஸ் ரிசர்ச்" என வழங்கும் கணிதத் துறை இது. பெயரைக் கேட்டதும் இது நமக்கு எட்டாத படிப்பு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் மேல்நிலை வகுப்பில் வணிகக் கணிதம் பயிலும் நம் பிள்ளைகள் இதனை இரண்டு ஆண்டுகளும் ஒரு பாடமாகப் படிக்கின்றனர். படித்தும், அது தங்கள் தெருவோடும் தங்கள் உரிமையோடும் தொடர்புடையது என்பதை அறியாமலே தேர்வு எழுதி வந்துவிடுகின்றனர். அத்தொடர்பை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், இத்துறை என்ன செய்கிறது என்பதை நம் மண்ணிலிருந்தே ஒரு கணக்கால் விளக்குவோம். திண்டிவனம் என்றால் மணிலா நினைவிற்கு வரும். நம் ஊரிலுள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மணிலா இரகங்கள் டி.எம்.வி. என்னும் எழுத்துகளைத் தாங்கி இந்தியா முழுவதும் சென்றன. அவ்வெழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தையே. இனி, மூன்று ஏக்கர் நிலமுடைய ஓர் உழவரைக் கற்பனை செய்து கொள்வோம். ஒரு பருவத்தில் அவர் கிணற்றிலிருந்து 120 மணி நேரமே நீர் இறைக்க முடியும். நெல்லுக்கு ஏக்கருக்கு 60 மணி நேரம் நீர் வேண்டும். ஆதாயம் 18,000 ரூபாய். மணிலாவிற்கு 20 மணி நேரம் போதும். ஆதாயம் 15,000 ரூபாய். அவர் என்ன பயிரிட வேண்டும்?

ஏக்கருக்கு ஆதாயம் மிகுதி என்று நெல் மட்டும் வைத்தால் இரண்டு ஏக்கரோடு நீர் தீர்ந்துவிடும். ஓர் ஏக்கர் தரிசாகக் கிடக்கும். கிடைப்பது 36,000 ரூபாய். மூன்று ஏக்கரிலும் மணிலா வைத்தால் 45,000 ரூபாய். ஆனால் பாதி நீர் பயன்படாமல் போகும். ஒன்றரை ஏக்கர் நெல்லும் ஒன்றரை ஏக்கர் மணிலாவும் வைத்தால் நிலமும் மீதமில்லை, நீரும் மீதமில்லை. ஆதாயம் 49,500 ரூபாய். இதைவிட மேலான வழி இக்கணக்கில் கிடையாது.

இச்சிறு கணக்கில் இரண்டு உறுப்புகள் உள்ளன. ஆதாயத்தைப் பெருக்க வேண்டும் என்பது ஒன்று. இதனைக் குறிக்கோள் என்பர். நாம் இலக்கு என்போம். நிலம் மூன்று ஏக்கரைத் தாண்டக்கூடாது, நீர் 120 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது மற்றொன்று. பாடநூல் இதனைக் கட்டுப்பாடு என்னும். வயலுக்கு வரப்பு உண்டு என்பதை அறிந்த நாம் இதனை வரம்பு என்போம். வரம்பை மீறாமல் இலக்கை எவ்வளவு தூரம் எட்ட முடியும் என்று கண்டறிவதே செயல்முறை ஆராய்ச்சியின் சாரம். இந்த இரண்டு சொற்களையும் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். எஞ்சிய செய்திகள் அனைத்தும் இவற்றின் விரிவே.

இத்துறை ஒரு தனித்துறையாக உருப்பெற்றது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். இங்கிலாந்தின் கடற்படைக்கு இத்துறையில் வழிகாட்டியவர் பிளாக்கெட் என்னும் இயற்பியலறிஞர். வணிகக் கப்பல்களைச் சிறு சிறு கூட்டங்களாக அனுப்புவதா, பெருங்கூட்டமாக அனுப்புவதா என்ற வினா எழுந்தது. பெருங்கூட்டம் எதிரியின் கண்ணில் எளிதிற் படும் என்று அஞ்சினர். பிளாக்கெட் குழுவினர் பழைய பயணங்களின் புள்ளி விவரங்களை ஆய்ந்தனர். கூட்டத்தில் கப்பல்களின் எண்ணிக்கை இரு மடங்கானால் கூட்டத்தின் பரப்பு இரு மடங்காகும். ஆனால் காவல் காக்க வேண்டிய சுற்றளவு ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும். ஆகவே அதே காவற்கப்பல்களைக் கொண்டு பெருங்கூட்டத்தை நன்கு காக்கலாம் என்று கண்டனர். 1943 இல் கடற்படை இம்முறையை மேற்கொண்டது. புதிய கப்பல் ஒன்றும் கட்டாமலே, இருப்பதை முறையாகப் பயன்படுத்தி இழப்பைக் குறைத்தனர். 1947 இல் அமெரிக்கரான டான்ட்சிக், நாம் மேலே போட்ட பயிர்க் கணக்கைப் போன்றவற்றை, நூற்றுக்கணக்கான பயிர்களும் வரம்புகளும் இருந்தாலும் தீர்க்கும் பொது வழியைக் கண்டார்.

இந்தியாவில் இத்துறைக்கு வேரூன்றிய இடங்களுள் தலையாயது கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம். 1931 இல் அதனை நிறுவிய மகலனோபிஸ், 1956 முதல் 1961 வரையிலான இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்குக் கணித அடிப்படை வகுத்தார். முதலீட்டில் எத்தனை பங்கை எந்திரம் செய்யும் தொழில்களுக்கு ஒதுக்கினால் நாடு எவ்வளவு விரைவில் வளரும் என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. 1957 இல் இந்தியச் செயல்முறை ஆராய்ச்சிச் சங்கமும் தோன்றியது.

ஆனால் இவ்வகைச் சிந்தனை, இப்பெயர் பிறப்பதற்கு முன்பே, நம் அண்ணலிடம் இருந்தது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். 1918 இல் டாக்டர் அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலத்துண்டுகளை ஒன்று சேர்த்துப் பெரிதாக்கினால் வேளாண்மை செழித்துவிடும் என்று பலரும் பேசிய காலம் அது. ஒரு பண்ணை சிறிதா பெரிதா என்பதை ஏக்கர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்நிலத்தோடு சேரும் உழைப்பும் முதலும் கருவிகளும் எந்த அளவில் அமைந்துள்ளன என்பதே தீர்மானிக்கும் என்று அவர் காட்டினார். நிலத்தைச் சார்ந்து நிற்கும் மிகுதியான மக்களைத் தொழில்வளம் ஈர்த்துக்கொள்வதே மருந்து என்றார். மூன்று ஏக்கர் கணக்கில் நீரையும் நிலத்தையும் ஒருசேர நோக்கினோம் அல்லவா, அதே நோக்கு அது.

1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அத்துறையின் பொறுப்பில் இருந்தன. 1943 இல் தாமோதர் ஆறு கரையுடைத்துக் கல்கத்தாவிற்குச் செல்லும் சாலையையும் இருப்புப் பாதையையும் துண்டித்தது. 1945 ஜனவரி 3 அன்று கல்கத்தாவில் அண்ணல் தலைமையில் கூடிய மாநாட்டில், அவ்வாற்றை வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் ஆகிய பல நோக்கங்களுக்கும் சேர்த்து ஆளும் திட்டம் ஆராயப்பட்டது. 1948 இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டத்தால் அமைந்தது.

பல நோக்கு அணை என்பது எத்துணைக் கடினமான கணக்கு என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமானால் அணை காலியாக இருக்க வேண்டும். வரும் வெள்ளத்தை வாங்க இடம் வேண்டும். பாசனத்திற்கும் மின்சாரத்திற்கும் அணை நிரம்பியிருக்க வேண்டும். ஒரே தொட்டி காலியாகவும் நிரம்பியும் எப்படி இருக்கும்? எந்த மாதத்தில் எந்த அடி வரை நீரைத் தேக்குவது, எப்பொழுது எவ்வளவு திறப்பது என்பதை மழையின் நிகழ்தகவைக் கொண்டு வகுப்பது செயல்முறை ஆராய்ச்சியின் பெரும்பணிகளுள் ஒன்றாக இன்றும் விளங்குகிறது.

இது தாமோதருக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செண்டிமீட்டர் மழை பெய்தது. அதனை அடுத்துத் தென்பெண்ணையின் மேற்பகுதியில் கொட்டிய பெருமழை சாத்தனூர் அணையை நிரப்பியது. டிசம்பர் 2 பின்னிரவில் வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் நீரில் மூழ்கின. முன்னரே படிப்படியாகத் திறந்திருக்கலாமா, அணையின் பாதுகாப்பிற்கு வேறு வழியுண்டா என்று நெடிய விவாதம் நடந்தது. அதில் தீர்ப்புக் கூற நாம் இங்கு வரவில்லை. கணக்கு ஆசிரியர் என்ற முறையில் ஒரு வினாவை மட்டும் எழுப்புகின்றோம்.

அணையை ஆள்வதற்குக் கணக்குப் போடுவோர் வெள்ளத்தின் இழப்பை எவ்வாறு அளப்பர்? பொதுவாக ரூபாயில் அளப்பர். ரூபாயில் அளந்தால் மாடி வீட்டின் இழப்பு இலட்சங்களில் வரும். ஆற்றுப் புறம்போக்கில் உள்ள குடிசையின் இழப்பு சில ஆயிரங்களில் முடிந்துவிடும். தாழ்வான நிலத்தில் குடியிருப்போர் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் குடிசைகள் சேர்ந்தாலும் கணக்கில் அவை இலேசாகவே நிற்கும். கணக்குப் போட்டவர் யாரையும் வெறுத்தார் என்று இதற்குப் பொருள் இல்லை. குடிசையை இலக்கிலே ஒரு விலையாக வைத்துவிட்டார், அவ்வளவுதான். விலையாக வைத்த எதனையும் இன்னொரு விலைக்கு ஈடாகக் கொடுத்துவிடலாம்.

அதனையே வரம்பாக வைத்தால் நிலைமை மாறும். "எந்தக் குடியிருப்பிலும் மக்களை வெளியேற்றப் போதிய நேரம் கிடைக்கும் முன் இத்தனை கன அடிக்கு மேல் திறக்கலாகாது, அதற்கு ஏற்ப முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்க வேண்டும்" என்பது ஒரு வரம்பு. மின்சாரம் எவ்வளவு இலாபம் தந்தாலும் அதனைத் தாண்டிச் செல்லக் கணக்கிற்கு உரிமை இல்லை. தாமோதர்த் திட்டத்தின் மைத்தான், பாஞ்செத் அணைகள் முறையே 1957 இலும் 1959 இலும் எழுந்தபோது நிலமிழந்த பழங்குடி மக்களின் வாழ்வும் அவ்வாறு வரம்பாக வைக்கப்படவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எதை விலையாக வைப்பது, எதை வரம்பாக வைப்பது? இவ்வினாவில்தான் நீதி குடியிருக்கிறது. கணிப்பொறி இதற்கு விடை கூறாது. கணக்கை எழுதும் மனிதர்தாம் கூற வேண்டும்.

இனி, அரசின் அன்றாட ஆட்சியில் இது எவ்வாறு வருகிறது என்பதைப் பார்ப்போம். ஓர் ஊராட்சியில் ஊரில் 400 வீடுகள், காலனியில் 100 வீடுகள். இடையே இரண்டு கிலோமீட்டர். ஒரே ஒரு நியாய விலைக் கடை கட்டப் பணம் உள்ளது. எங்கே கட்டுவது? சராசரித் தூரம் குறைய வேண்டும் என்று இலக்கு வைத்தால் விடை ஊரின் நடுவே என்று வரும். அப்பொழுது ஊராட்சியின் சராசரித் தூரம் 0.4 கிலோமீட்டர். அறிக்கையில் இது அழகாக இருக்கும். ஆனால் ஊராருக்குத் தூரமே இல்லை. காலனியார் மட்டும் இரண்டு கிலோமீட்டர் நடந்து, மூட்டையைத் தலையில் வைத்து இரண்டு கிலோமீட்டர் திரும்ப வேண்டும். சராசரி என்பது ஒருவர் காலின் வலியை ஐந்து பேருக்குப் பங்கிட்டு மறைத்துவிடும்.

மிகத் தொலைவில் உள்ளவரின் தூரம் குறைய வேண்டும் என்று இலக்கை மாற்றினால், விடை இரண்டிற்கும் நடுவே என்று வரும். எல்லோருக்கும் ஒரு கிலோமீட்டர். ஹக்கிமி என்னும் அறிஞர் 1964 இல் இவ்விரண்டு வகைக் கணக்குகளையும் தனித்தனியே வகுத்துக் காட்டினார். இரண்டும் சரியான கணிதமே. எதை எடுப்பது என்பது கணிதம் அன்று, கொள்கை. மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. "எந்தக் குடும்பமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாகாது" என்று வரம்பு வைத்துவிட்டு, அதற்குள் செலவைக் குறைக்குமாறு கேட்டால், முழுநேரக் கடை ஊரிலும், வாரத்தில் சில நாள் திறக்கும் பகுதி நேரக் கடை காலனியிலும் என்னும் விடை பிறக்கும். நம் மாநிலத்தில் பகுதி நேரக் கடைகள் நடைமுறையில் உள்ளவையே.

பள்ளிக்கும் இதுவே முறை. பெருந்தலைவர் காமராசர் ஆட்சியில், 300 பேர் வாழும் சிற்றூருக்கும் ஒரு தொடக்கப் பள்ளி என்று விதி வகுத்துக் கல்வியைப் பரப்பினர். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 2011 இல் வந்த தமிழ்நாட்டு விதிகள், தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டர் நடைத் தொலைவிற்குள்ளும் நடுநிலை வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. இவை வரம்புகள். நடைத் தொலைவு என்னும் சொல்லையும் கவனியுங்கள். வரைபடத்தில் நேர்க்கோடு இழுத்து 800 மீட்டர் என்று எழுதிவிடலாம். ஆனால் ஓடையைச் சுற்றியும், நம்மவர் நடந்தால் முகம் சுளிக்கும் தெருவைத் தவிர்த்தும் செல்லும் பிள்ளையின் கால்களுக்கு அது ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகலாம். அத்தூரம் எந்த அளவுகோலிலும் விழுவதில்லை. நடந்தவர் சொன்னால்தான் தெரியும்.

தானியத்தைக் கிடங்கிலிருந்து கடைக்குக் கொண்டு செல்வதிலும் இத்துறை பயன்படுகிறது. எந்தக் கிடங்கு எந்தக் கடைக்கு அனுப்பினால் லாரி ஓடும் தூரம் குறையும் என்பது பாடநூலில் உள்ள போக்குவரத்துக் கணக்கேதான். 2024 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய "அன்ன சக்ரா" என்னும் ஏற்பாடு, டெல்லி ஐ.ஐ.டி.யின் துணையோடு நாடு முழுவதும் அக்கணக்கையே போடுகிறது. தேர்வுக்காக நம் மாணவர் மூன்று கிடங்கிற்கும் நான்கு கடைக்கும் போடும் கணக்கு, அங்கே ஆயிரக்கணக்கான கிடங்குகளுக்கும் இலட்சக்கணக்கான கடைகளுக்கும் விரிகிறது.

தொழில் துறைக்கு வருவோம். நம் மாவட்டத்தில் முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் கரும்பாலைகள் உள்ளன. வெட்டிய கரும்பு காயக் காயச் சருக்கரை குறையும். ஆகவே வெட்டியதும் விரைவில் ஆலையில் அரைபட வேண்டும். எவருடைய கரும்பை எந்நாள் வெட்டுவது என்னும் வெட்டு உத்தரவு ஒரு கால அட்டவணைக் கணக்கு. ஆலை வாசலில் வண்டிகள் நிற்பது ஒரு வரிசைக் கணக்கு. 1909 இல் டென்மார்க்கின் எர்லாங் தொலைபேசி அழைப்புகளுக்காக இதன் முதல் கோட்பாட்டை வகுத்தார். ஆலையின் இலக்கு எந்திரம் ஓயாமல் ஓடுவது. அதற்காக வாசலில் எப்பொழுதும் வண்டிகள் காத்திருக்குமாறு உத்தரவுகளை அளவுக்கு மேல் வழங்கிவிட்டால் ஆலைக்கு நட்டமில்லை. ஆனால் டன் கணக்கில் கூலி பெறும் வெட்டாளிக்கு, வண்டி திரும்பாத நாள் கூலி இல்லாத நாள். அவருடைய காத்திருப்பு எந்தப் பதிவேட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை. எழுதப்படாத செலவைக் குறைக்க எந்தக் கணக்கும் முயலாது.

இதற்கு மாறான நல்ல சான்றும் தமிழ்நாட்டிலேயே உண்டு. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஏழையர்க்குக் கட்டணமின்றிக் கண்புரை நீக்க வேண்டும் என்பது நோக்கம். அறுவை மருத்துவரின் நேரமோ மிக அரிது. ஆகவே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் அமைத்தனர். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே மறு மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாவார். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை அவரும், மற்றவற்றைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களும் செய்தனர். இருக்கும் மருத்துவர்களைக் கொண்டே பன்மடங்கு அறுவைகள் நடந்தன. பணமில்லாதவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்பதை வரம்பாக வைத்துக்கொண்டு, அதற்குள் செலவைக் குறைத்தனர். வரம்பு வைத்தால் தொழில் நலிந்துவிடும் என்போருக்கு இதுவே விடை.

இளைஞர்களே, இதுவரை கூறியதைத் திரட்டி ஒன்று சொல்லுவோம். நம் அரசியலமைப்புச் சட்டமே இந்த இலக்கணத்தில் அமைந்துள்ளது. நான்காம் பகுதியில் உள்ள வழிகாட்டு நெறிகள் அரசு எட்ட முயல வேண்டிய இலக்குகள். மூன்றாம் பகுதியில் உள்ள அடிப்படை உரிமைகள் அரசு தாண்டக்கூடாத வரம்புகள். தீண்டாமையை ஒழிக்கும் 17 ஆம் உறுப்பை அண்ணலும் அவை உறுப்பினர்களும் வரம்புகளின் பகுதியிலே வைத்தனர். பெரும்பான்மையினருக்கு எவ்வளவு வசதி கிடைப்பதாயினும் அதற்கு ஈடாக ஒரு மனிதனின் மானத்தைக் கொடுத்துவிட இயலாது என்பது அதன் பொருள்.

நிதி ஒதுக்கீட்டிலும் இவ்வாறே. பட்டியல் சாதியினருக்கு அவர்தம் மக்கள் தொகை விகிதத்திற்குக் குறையாமல் திட்ட நிதி ஒதுக்க வேண்டும் என்னும் நெறி 1979-80 முதல் சிறப்புக் கூறுத் திட்டமாக வந்தது. நல்லெண்ணத்தால் இயங்கிய அந்நெறிக்குத் தமிழ்நாட்டில் 2024 இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள் தொகையில் நாம் 20 விழுக்காடு; பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 விழுக்காடு. சட்டத்தில் வரம்பு எழுதியாயிற்று. அது ஒவ்வொரு துறையின் கணக்கிலும் எழுதப்படுகிறதா என்று பார்ப்பதற்குக் கணக்கு அறிந்த கண்கள் வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது மாணவர்க்கு. கணிதத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்காதீர்கள். கணிதம் வராது என்று நம் பிள்ளைகளிடம் சொல்லப்படும் சொல்லை நம்பாதீர்கள். மேல்நிலையில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுங்கள். கல்லூரியில் கணிதமோ புள்ளியியலோ பயிலுங்கள். இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நுழைவுத் தேர்வும், மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் உங்களுக்காகவும் திறந்திருக்கின்றன. மருத்துவரும் பொறியாளரும் நம்மில் எழுந்தனர்; திட்டத்தின் வரம்புகளை எழுதும் மேசையில் அமர்வோரும் நம்மில் எழ வேண்டும்.

இரண்டாவது ஊரிலுள்ள இளைஞர்க்கு. உங்கள் காலனியின் கடைசி வீட்டிலிருந்து பள்ளி, நியாய விலைக் கடை, குடிநீர்த் தொட்டி, துணைச் சுகாதார நிலையம், பேருந்து நிறுத்தம், சுடுகாடு ஆகிய ஆறு இடங்களுக்கும் நடந்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதுங்கள். ஊரின் நடுவிலிருந்தும் அவ்வாறே எழுதுங்கள். இரண்டையும் ஒரே தாளில் அருகருகே வைத்துக் கிராம சபையில் படியுங்கள். குறையைச் சொல்லுவோரைக் கேளாமல் இருப்பது எளிது. எண்ணைச் சொல்லுவோரைக் கேளாமல் இருப்பது அவ்வளவு எளிதன்று.

மூன்றாவது சங்கத்திற்கு. இரவுப் பாடசாலைகளுக்கு ஆசிரியத் தொண்டர்களைப் பகிர்வதும், உதவித் தொகையைப் பங்கிடுவதும் இத்தகைய கணக்குகளே. அதிக மதிப்பெண் வாங்கியோர் எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்தால், முன்னரே ஓரளவு தேறியவர்க்கே நம் உழைப்பும் சென்று சேரும். எந்தப் பிள்ளையும் பத்தாம் வகுப்பிற்கு முன் படிப்பை விட்டு நிற்கலாகாது என்பதை முதல் வரம்பாக வைப்போம். அதற்குள் மதிப்பெண்ணைப் பெருக்குவோம். பிறரிடம் நாம் கேட்கும் நீதியை நம் கணக்கிலும் காட்டுவோம்.

இருபத்தைந்து ஆண்டுகள் இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்தது. இனி வரும் ஆண்டுகளில் எண்ணையும் கொடுக்கட்டும்.